“போச்சே” என்னும் குண்டாட்டம்

இந்த விளையாட்டின் பெயரைத் தமிழர் வீட்டில் உரக்கச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. “ஞாயிறு மாலை போச்சே” என்றால், கேட்பவர், “ஐயையோ, என்ன போச்சு?” என்று பதறுவார். ஒன்றும் போய்விடவில்லை. இத்தாலிய மொழியில் ‘போச்சா’ என்றால் ஒரு குண்டு. ‘போச்சே’ என்றால் பல குண்டுகள். தரையில் குண்டுகளை உருட்டி, ஓர் இலக்கை யார் அதிகம் நெருங்குகிறார் என்று பார்க்கும் ஆட்டம் அது. பிரான்ஸ் தேசத்துப் பெத்தாங்க் ஆட்டமும், ஆங்கிலேயர் புல்தரையில் ஆடும் லான் பௌல்ஸும் இதற்கு நெருங்கிய பங்காளிகள். நம் ஊர்க் கோலியாட்டத்தைத் தூரத்து உறவு என்று சொல்லலாம். கோலி தெரிந்த கைக்கு இது புதிதாக இராது.

குடும்பங்கள் அனைத்தும் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு ஒன்றைச் சங்கத்தின் சார்பில் குளிர்காலத்தில் நடத்த வேண்டும் என்று நம்மில் பலர் பேசி வருகிறோம். கிரிக்கெட் என்கிறார்கள் இளைஞர்கள். கேரம் என்கிறார்கள் நடுவயதினர். முதியவர்களுக்கும் பெண்களுக்கும் என்ன ஏற்பாடு என்று கேட்டால், வழக்கம்போல் கோலப்போட்டி என்ற பதிலே வருகிறது. அதனால்தான் இந்த ஆட்டத்தைப் பற்றியும், ஓய்வு நேர லீக்குகளில் இதற்கு வகுத்துள்ள சட்டதிட்டங்களைப் பற்றியும் எழுத முற்பட்டேன். நான் ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. பள்ளியிறுதியோடு படிப்பை முடித்தவன். விளையாட்டு நிபுணன் அல்லன். ஆயினும் நான்கு ஆண்டுகளாக இந்நாக்பூரில் இந்த ஆட்டத்தை அருகிருந்து பார்த்து வருகிறேன். அதற்கான காரணத்தைப் பின்னால் கூறுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம்.

களம் ஒரு நீண்ட செவ்வகம். சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பின் விதிப்படி 60 அடி நீளம், 12 அடி அகலம். சுற்றிலும் தாழ்ந்த பலகைத் தடுப்பு. 90 அடி நீளக் களங்களும் உண்டு. குண்டுகள் எட்டு, கட்சிக்கு நான்கு. ஒரு கட்சிக்குச் சிவப்பென்றால் மற்றதற்குப் பச்சை. ஒவ்வொன்றும் 107 மில்லிமீட்டர் அளவு குறுக்களவும், ஒரு கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையும் உடையது. ஒன்பதாவதாகச் சிறு குண்டு ஒன்று இருக்கிறது; அதுவே இலக்கு. இத்தாலியர் அதைப் ‘பல்லீனோ’ என்பர். எங்கள் காலனிப் பிள்ளைகள் அதற்குக் ‘குட்டி’ என்று பெயரிட்டுவிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பூவா தலையாவில் வென்ற கட்சி முதலில் குட்டியை எறியும். அது நடுக்கோட்டைத் தாண்டி விழ வேண்டும். எதிர்ப்பலகையை ஒட்டிப் போய்விடவும் கூடாது. குட்டியை எறிந்த கட்சியே முதல் குண்டையும் உருட்டும், அடுத்து எதிர்க்கட்சி. இதன் பிறகுதான் ஆட்டத்தின் சூட்சுமம் தொடங்குகிறது. போச்சேயில் ஆளுக்கொரு முறை என்று மாறி மாறி ஆடுவதில்லை. எந்தக் கட்சியின் குண்டு குட்டிக்குத் தொலைவில் இருக்கிறதோ அந்தக் கட்சிதான் உருட்ட வேண்டும். எதிரியைவிட நெருங்கும் வரையில், அல்லது கையிருப்புத் தீரும் வரையில், அதுவே உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஒருவர் தம் முதல் குண்டைக் குட்டியின் மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டால், எதிரி தம் நான்கையும் செலவழித்துத் தவிப்பார். இவர் மீதமுள்ள மூன்றோடு நிதானமாக வருவார். பணக்காரன் கடைசியில் பேரம் பேசுவதைப் போன்றது அது.

எட்டும் தீர்ந்த பிறகு கணக்கு. எதிரியின் மிக நெருங்கிய குண்டைக் காட்டிலும் அருகில் நமக்கு எத்தனை குண்டுகள் உண்டோ அத்தனை புள்ளிகள். சிவப்பு ஓர் அடியில், பச்சை ஒன்றரை அடியில், மறுபடியும் சிவப்பு இரண்டடியில் என்று கிடந்தால் சிவப்புக்கு ஒரே புள்ளிதான். இரண்டாம் சிவப்பைப் பச்சை மறித்துவிட்டது. ஒரு சுற்றில் ஒரு கட்சிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். மிக நெருங்கிய இரு குண்டுகளும் இரு கட்சிக்கும் சமதூரத்தில் இருந்தால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை; குட்டியை எறிந்தவரே மீண்டும் எறிவார். மற்றச் சமயங்களில் புள்ளி பெற்றவர் எறிவார். ஒற்றையர், இரட்டையர் ஆட்டங்களில் 12 புள்ளியும், நால்வர் ஆட்டத்தில் 16 புள்ளியும் முதலில் எட்டுபவர் வென்றவர் என்பது சிறப்பு ஒலிம்பிக்ஸ் கணக்கு. லீக்குக்கு லீக் இது வேறுபடும்.

உருட்டுவதில் மூன்று வகை. மெல்ல உருட்டி நெருங்குவது ‘பூந்தோ’. வேகமாக உருட்டி எதிரியின் குண்டை மோதித் தள்ளுவது ‘ரஃபா’. ஆகாயமார்க்கமாக எறிந்து தாக்குவது ‘வோலோ’. குழந்தைகளும் முதியவர்களும் நிற்கும் களத்தில் கிலோ எடைக் குண்டு பறந்து வருவது உசிதமல்ல ஆதலால், ஓய்வு நேர லீக்குகள் பெரும்பாலும் மூன்றாவதை விலக்கி வைத்திருக்கின்றன. கை தோளுக்குக் கீழிருந்தே வர வேண்டும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வித்தை வேறொன்று. எதிரியின் குண்டுகள் மூன்று குட்டியைச் சூழ்ந்துகொண்டன. நம் கையில் ஒன்றே பாக்கி. என்ன செய்வது? குண்டுகளை விட்டுவிட்டுக் குட்டியையே தட்டலாம். அது நான்கடி நகர்ந்து, நாம் வீணாயிற்று என்று மறந்துவிட்ட பழைய குண்டின் பக்கம் போய் நின்றால், அதுவரை வென்றுகொண்டிருந்தவர் தோற்றவராகிறார். இலக்கே இடம் மாறும் ஆட்டங்கள் உலகில் அதிகமில்லை. தவறிப்போன குண்டு என்று எதையும் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாத இந்த நிலையே ஆட்டத்தைக் கடைசிக் குண்டு வரை உயிரோடு வைத்திருக்கிறது.

புலம்பெயர்ந்தோர் கொண்டுவந்த ஆட்டம்

இத்தாலியில் இது நெடுங்காலமாகத் தெருவிலும் தோப்பிலும் ஆடப்பட்டு வந்தது. 1753ஆம் ஆண்டில் பொலோஞா நகரில் ராஃபேலே பிஸ்தேகி என்பவர் இதன் விதிகளை நூலாக அச்சிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துரின் நகரைச் சுற்றிய பியெட்மான்ட் பகுதியில் இதற்கென்றே சங்கங்கள் தோன்றின. எனினும் புத்தகம் ஒருபுறம், ஊர் வழக்கம் ஒருபுறமாகத்தான் இருந்தது. ஒரு பகுதியில் எறிவார்கள். இன்னொரு பகுதியில் உருட்டுவார்கள். ஓரிடத்தில் பலகை உண்டு. மற்றோரிடத்தில் வேலியே எல்லை.

1880க்கும் 1920க்கும் இடையில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர்கள் பிழைப்பைத் தேடி அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குக் கப்பலேறினார்கள். சிசிலித் தீவின் மீனவரும் வடக்கு மலையடிவாரத்துக் கல்தச்சரும் ஒரே தெருவில் குடியேறினார்கள். ஊரில் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்; ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். மாலை வேளையில் வீட்டின் பின்கட்டில் குண்டுகளை எடுத்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டம். “எங்கள் ஊரில் இப்படித்தான்” என்ற வாக்கியம் எத்தனை சண்டைகளுக்கு வித்திட்டிருக்கும் என்பதை, திருநெல்வேலிக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் வேலூர்க்காரரும் ஒரே காலனியில் வாழும் நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. சாம்பாரில் வெல்லம் போடுவதா வேண்டாமா என்ற வழக்கே நம்மிடம் இன்னும் தீரவில்லை.

கலிபோர்னியாவில் மார்ட்டினெஸ் என்றொரு சிறு துறைமுக ஊர். சிசிலியிலிருந்து வந்த மீனவர்கள் அங்கே நிறையப் பேர். பேஸ்பால் ஆட்டத்தில் பெரும்புகழ் பெற்ற ஜோ டிமாஜியோ 1914இல் அங்கே அத்தகைய ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவ்வூரில் தண்டவாளத்துக்கு அப்பால், நீர்க்கரைப் பூங்காவில், ஒரு டஜனுக்கு மேற்பட்ட போச்சேக் களங்கள் இருந்தன; நாட்டின் பெரிய லீக்குகளுள் ஒன்று பல ஆண்டுகள் அங்கே நடைபெற்று வந்தது. நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்றே பெயர்கொண்ட ஊரில், 1970களில் தொடங்கிய ‘உலகத் தொடர்’ போட்டி ஜூலை மாதத்தில் நடக்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் நார்த் பீச் பகுதியிலும் பழைய களங்கள் உண்டு.

இந்தக் களங்களில் ஆடும் பேரன் பேத்திகளில் பெரும்பாலோர்க்கு இத்தாலிய மொழி தெரியாது. பாட்டனார் பேசிய சிசிலிப் பேச்சு அவர்களோடு நின்றுவிட்டது. ஆனால் பல்லீனோ என்ற சொல்லும், அதை எறியும் விதமும், ஞாயிறன்று ஒன்றுகூடும் பழக்கமும் நிற்கின்றன. இத்தாலியரல்லாதவர்களும் திரளாகச் சேர்ந்துகொண்டார்கள். என் பெரியம்மா மகள் குடும்பம் கலிபோர்னியாவில் இருக்கிறது. அத்தான் அங்கே ஒரு லீக்கில் ஆடுகிறார். அவருடைய கட்சியில் ஒரு மெக்சிகோக்காரர், ஒரு சீனப் பெண்மணி, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். நம் வீட்டுக் குழந்தைகள் தெருவில் மராத்தியும் பள்ளியில் இந்தியும் பேசி, வீட்டுக்குள் நாம் கேட்கும் கேள்விக்கு அரைத் தமிழில் பதில் சொல்வதைக் காணும்போது, எது நின்றது, எது நிற்கவில்லை என்ற அந்தக் கணக்கை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

மத்தியஸ்தர் இல்லாத ஆட்டம்

இனி லீக்கின் விதிகளுக்கு வருகிறேன். ரயில்வேயில் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு விபத்து உண்டு என்று மூத்தவர்கள் சொல்வார்கள். போச்சே விதிகள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சண்டை இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பெரிய போட்டிகளில் மத்தியஸ்தர் உண்டு. ஓய்வு நேர லீக்கில் அவருக்குச் சம்பளம் கொடுக்க யாரிடம் பணமிருக்கிறது? எதிரெதிராக நிற்கும் இரு கட்சிகளே வழக்காடுவோரும் நீதிபதியுமாக இருக்க வேண்டியிருக்கிறது. மேலும் அடுத்த வாரமும் இதே மனிதர்கள் இதே களத்தில் சந்திக்க வேண்டும். இடையில் கடையிலும் கல்யாணத்திலும் சந்திக்க வேண்டும். ஆகவே லீக் விதிகளில் பாதி, ஆட்டத்தைப் பற்றியவை அல்ல. யார் பேசலாம், யார் தொடலாம், எப்போது வாயை மூட வேண்டும் என்பவை.

எந்தக் குண்டு நெருங்கியது என்று கண்ணால் தெரியாதபோது நாடாவை எடுக்க வேண்டும். யாராவது அளக்கச் சொன்னால் மற்றவர் மறுக்கக் கூடாது. “பார்த்தாலே தெரிகிறதே” என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அளக்கும்போது ஒரு கட்சிக்கு ஒருவர் மட்டும் அருகில் செல்லலாம். மற்றவர்கள் களத்துக்கு வெளியே. அளக்கிறவர் கை பட்டு எதிரியின் குண்டோ குட்டியோ அசைந்துவிட்டால், அந்தப் புள்ளி எதிரிக்கே என்று பல லீக்குகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். கடுமையாகத் தோன்றும், ஆனால் அதன் பலன், நாடாவோடு குனிகிறவர் சுவாமி சிலையைத் தொடுகிற குருக்கள் போல் குனிகிறார். அத்தான் ஒருமுறை தொலைபேசியில், “மாப்பிள்ளை, இங்கே நாடாவை எடுத்தவர் வாய் திறக்கமாட்டார், முதலில் இரண்டு அளவையும் எடுத்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்வார்” என்றார். முதல் அளவை உரக்கச் சொன்னால் இரண்டாவது அளவு அதற்கு ஏற்ப நீளவோ குறுகவோ செய்யும் என்பது அவர்களுடைய அனுபவம். துணிக்கடையில் கஜக்கோல் பிடிப்பதைப் பார்த்திருக்கும் நம் பெண்மணிகள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

பேசுவதற்கு ஒரு கட்சிக்கு ஒரு தலைவர். சந்தேகம், ஆட்சேபம், சமாதானம் எல்லாம் தலைவர் மூலமே. ஓரத்தில் நிற்கும் மாமன்மார்களும் சித்தப்பாக்களும் எவ்வளவு பெரிய மேதைகளானாலும் அவர்கள் சொல் ஏறாது. இந்த ஒரு விதிக்காகவே போச்சேயை நம் சங்கத்துக்குக் கொண்டுவரலாம் என்பேன்.

எறிகோட்டைத் தாண்டி மிதித்தபின் குண்டு கையை விட்டால் அது பிழை. முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை குண்டை அகற்றுதல் என்பது பரவலான வழக்கம். வேறொரு குண்டையும் தொடாமல் நேரே எதிர்ப்பலகையில் போய் மோதும் குண்டு செத்த குண்டு; எடுத்துவிட வேண்டும். வழியில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய் மோதினால் கிடந்த இடத்தில் கிடக்கட்டும். மறதியால் எதிரியின் நிறக் குண்டை உருட்டிவிட்டால் ஆட்டம் குடிமுழுகிப் போவதில்லை. அது நின்ற பிறகு அதே இடத்தில் சரியான நிறத்தை வைத்துவிடலாம். குட்டியே களத்துக்கு வெளியே போய்விட்டால் அந்தச் சுற்று செல்லாது. புதிதாகத் தொடங்க வேண்டும்.

நேரத்தைப் பற்றிய விதிகளும் உண்டு. குறித்த நேரத்துக்குப் பின் பதினைந்து நிமிஷம் பார்ப்பார்கள். அதற்குள் வராத கட்சி அந்த ஆட்டத்தை இழக்கும். ‘இந்திய நேரம்’ என்ற சமாதானம் அங்கே செல்லாது; இங்கேயும் செல்லக் கூடாது. ஆள் குறைந்தால் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. இருப்பவர்களே குண்டுகளைப் பகிர்ந்துகொள்ளச் சில லீக்குகள் அனுமதிக்கின்றன; வராதவருடைய குண்டைக் கழித்துவிட்டு ஆடச் சொல்கின்றன வேறு சில. எனக்குப் பின்னது உசிதமாகப் படுகிறது. வராதவர் இல்லாத குறை கணக்கில் தெரியட்டும்.

கெட்டிக்காரர் ஒருவரே நான்கு குண்டையும் உருட்டி ஜெயித்துக்கொடுத்தால் என்ன? கூடாது. இருவர் கட்சியானால் ஆளுக்கு இரண்டு. நால்வர் கட்சியானால் ஆளுக்கு ஒன்று. எவருடைய குண்டையும் மற்றவர் உருட்ட முடியாது. பார்வைக்குச் சாதாரணமான இந்த விதியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். அதற்குக் காரணம் என் தம்பி.

ஒப்புக்குச் சப்பாணி

அவனுக்கு இப்போது இருபத்தேழு வயது. அறிவு வளர்ச்சி தாமதப்பட்டவன். பெற்றோர் காலமான பின் எங்களோடு ரயில்வே குடியிருப்பில் இருக்கிறான். காலனியில் எல்லோருக்கும் அவன்மேல் பிரியம் உண்டு. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. மாலையில் கிரிக்கெட் ஆடும் பையன்கள் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் எப்படி? நம் ஊரில் சொல்வோமே, ஒப்புக்குச் சப்பாணி என்று, அப்படி. மட்டையைக் கையில் கொடுத்து மெதுவாக இரண்டு பந்து போடுவார்கள். விக்கெட்டு விழுந்தாலும் விழாதது போல் ஆட்டத்தைத் தொடர்வார்கள். அவன் ஓடிய ஓட்டம் எந்தக் கட்சியின் கணக்கிலும் ஏறாது. அவர்கள் செய்தது அன்பினால்தான். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது அவன் கேட்டான்: “அண்ணா, என்னை மட்டும் ஏன் அவுட்டே ஆக்கமாட்டேங்கிறாங்க?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மனைவிதான், “நாளைக்கு அவுட் ஆக்கச் சொல்றேன்” என்றாள். சொன்னாள்; ஆக்கினார்கள்; ஆனால் சிரித்துக்கொண்டே ஆக்கினார்கள்.

அவன் செல்லும் சிறப்புப் பள்ளியில் போச்சே கற்றுக்கொடுக்கிறார்கள். யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் என்னும் அம்மையார் 1968இல் தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக்ஸ் இயக்கத்தின் விளையாட்டுகளுள் அதுவும் ஒன்று. நம் நாட்டில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. 2023இல் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் போச்சே இடம்பெற்றிருந்தது. 2024 நவம்பரில் புது தில்லியில் ஆசிய பசிபிக் பகுதிக்கான போச்சேப் போட்டியே நடைபெற்றது. (பாராலிம்பிக்ஸில் 1984 முதல் இருந்து வரும் ‘போச்சா’ இதன் தங்கை, தசைநார் இயக்கம் கடுமையாகக் குன்றியவர்கள் தோல் பந்துகளைக் கொண்டு ஆடுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்த இயக்கத்தில் ‘ஒருங்கிணைந்த விளையாட்டு’ என்றொரு பிரிவு இருக்கிறது. என் தம்பியைப் போன்ற ஒருவரும், அத்தகைய குறைபாடு இல்லாத ஒருவரும் சேர்ந்து ஒரே கட்சியாக ஆடுவார்கள். இருவர் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒருவர். நால்வர் ஆட்டத்தில் இருவருக்கு இருவர். கூட்டாளி பயிற்சியாளர் அல்லர்; கைபிடித்து நடத்துபவரும் அல்லர்; அவரும் ஆட்டக்காரரே. முன்பு சொன்ன அந்த விதி இங்கே வேலை செய்வதைப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு குண்டு. அண்ணி எவ்வளவு நன்றாக உருட்டினாலும் தம்பியின் இரண்டை அவள் உருட்ட முடியாது. அவனுடைய குண்டு குட்டியின் அருகே நின்றால் புள்ளி. களத்துக்கு வெளியே போனால் செத்த குண்டு. கருணையினால் எதையும் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. நாடாவுக்கு அவன் யார் என்று தெரியாது.

என் மனைவியும் அவனும் சென்ற குளிர்காலத்தில் வேறொரு பள்ளியைச் சேர்ந்த பெண்ணையும் அவளுடைய தாயாரையும் எதிர்த்து ஆடினார்கள். 11க்கு 11. கடைசிச் சுற்றில் ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் குட்டிக்கு இருபுறமும் நின்றன. எது அருகில் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அளந்தார்கள். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். நாடாவை உற்றுப் பார்த்த என் தம்பி எல்லோருக்கும் முன்னதாகச் சொன்னான்: “அவங்களுக்குத்தான், அண்ணி.” பிறகு அந்தப் பெண்ணிடம் சென்று கை குலுக்கினான். அன்றிரவு அவனுக்குக் கோபம், உண்மையான கோபம். சப்பாத்தியைப் பாதியில் வைத்துவிட்டு, கடைசிக் குண்டை எப்படி உருட்டியிருக்க வேண்டும் என்று தரையில் எலுமிச்சம்பழத்தை உருட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். தோற்றுப்போய்க் கோபத்தோடு அவன் வீடு திரும்பியது அதுவே முதல் தடவை.

இதைப் படிக்கும் குடும்பங்களில் எங்களைப் போன்றவர்கள் சிலர் உண்டு. பிள்ளையை அழைத்துக்கொண்டு சங்க விழாவுக்கு வந்தால் பிறர் பரிதாபமாகப் பார்ப்பார்களோ என்று வராமலே நின்றுவிட்டவர்களும் உண்டு. பொங்கல் விழாவின்போது சில வீட்டுக் கதவுகள் சாத்தியிருப்பதை நான் அறிவேன். அவர்களுக்கென்று தனியாக ஒரு ‘சிறப்புப் போட்டி’ வைக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். நல்லெண்ணம்தான், ஆயினும் வேண்டாம் என்பது என் கருத்து. எல்லோரும் ஆடுகிற லீக்கில் அவர்களும் ஒரு கட்சியில் இருவராகவோ நால்வரில் ஒருவராகவோ பெயர் பதிந்து ஆடட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் சாய்வுப் பலகை வழியே குண்டை உருட்டச் சிறப்பு ஒலிம்பிக்ஸ் விதிகளில் இடமுண்டு. நம் தச்சர் ஒரு மாலையில் செய்து தந்துவிடுவார். முழங்கால் வலியுள்ள பாட்டிமார்களுக்கும் அது உதவும்.

நமக்கு வேண்டியவை

இது கிழவர் விளையாட்டு என்று இளைஞர்கள் கேலி செய்யலாம். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டில், இதன் பங்காளியான லான் பௌல்ஸில், லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நான்கு இந்தியப் பெண்மணிகள் தென்னாப்பிரிக்காவை 17க்கு 10 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார்கள். அதுவரை அந்த ஆட்டத்தின் பெயரையே நம்மில் பலர் கேட்டதில்லை.

கலிபோர்னியாவில் களத்தின் மேல் சிப்பி ஓட்டைத் தூளாக்கிப் பரப்புவார்களாம், தண்ணீர் தேங்காது. நமக்குச் சிப்பிக்கு எங்கே போவது? இந்தப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கும் முரம் மண்ணைச் சலித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால் போதும். சமதளமாக இருப்பதே முக்கியம். ஒரு பக்கம் சரிந்தால் அந்தச் சரிவை அறிந்த உள்ளூர்க் கட்சிதான் எப்போதும் ஜெயிக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஆடலாம். மே மாதத்து நாக்பூர் வெயிலில் குண்டைக் கையால் தொட முடியாது. பலகைக்குப் பழைய மரம் கிடைக்கும். குண்டுப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். அதை ஒரே தனவந்தரின் நன்கொடையாகப் பெறாமல் குடும்பத்துக்குச் சிறு தொகையாகத் திரட்டுவது நல்லது. நன்கொடையாளர் முதலில் பெட்டியைக் கொடுப்பார். பிறகு தீர்ப்பும் கொடுப்பார்.

கட்சிகளைக் குடும்பவாரியாகப் பிரிக்கக் கூடாது என்பதும் என் வேண்டுகோள். சீட்டுக் குலுக்கிப் போட்டால், டிவிஷனல் ஆபீஸ் அதிகாரியும் பாயிண்ட்ஸ்மேனும், மாமியாரும் மருமகளும், கல்லூரி மாணவனும் என் தம்பியும் ஒரே கட்சியில் வந்து சேரலாம்; எதிரெதிராகவும் வரலாம். மருமகள் எதிர்க்கட்சியில் இருக்கும்போது மாமியாரின் குண்டு ஒரு சென்டிமீட்டரில் தோற்றால் என்ன ஆகும் என்று சிலர் கவலைப்படுவது என் காதில் விழுகிறது. அதற்குத்தான் நாடா இருக்கிறது.

பரிசுக் கோப்பை வைப்பதா என்பதை நான் முடிவு செய்ய இயலவில்லை. வைத்தால் சண்டை, வைக்காவிட்டால் இளைஞர்கள் வரமாட்டார்கள். அதை அன்பர்கள் கூடிப் பேசட்டும். நான் வலியுறுத்துவது வேறொரு சிறு விஷயம். தொடக்க நாளன்று முதல் குட்டியைத் தலைவர் எறியட்டும், சிறப்பு விருந்தினர் எறியட்டும் என்று யாரும் முன்மொழிய வேண்டாம். விதிப்படி பூவா தலையா போடுவோம். வென்ற கட்சியில் யாருடைய முறையோ அவர் எறியட்டும்.